கேம் ஆர்ட்டுக்குக் கருத்து கேட்பதும் சொல்வதும்: முழுமையான வழிகாட்டி

இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு வில்வீரனைச் செய்து முடித்திருக்கிறீர்கள். கவசத்தில் செதுக்குவேலை, தோளில் கிடக்கும் துணியில் நெசவு, கன்னத்தில் பழைய வெட்டுக்காயம். நண்பர்கள் குழுவில் போட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்கிறீர்கள். "சூப்பர்", "செம" என்று பதில் வருகிறது. அப்புறம் அதே வில்வீரன் கேமுக்குள் போகிறான். மேலிருந்து பார்க்கும் கேமராவில் அவன் உயரம் 90 பிக்சல்தான். வில் முதுகுத் துணியோடு கலந்துவிட்டது. பக்கத்தில் நிற்கும் வாள்வீரனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஒரு படத்தைப் பார்த்தார்கள், படம் நன்றாகத்தான் இருந்தது. அந்த உருவம் கேமில் என்ன வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. கேம் ஆர்ட்டில் கருத்துப் பரிமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. சுவரில் மாட்டும் ஓவியத்தை ஓவியமாகவே பார்க்கலாம். விளையாட்டில் வரும் உருவத்தை அதன் வேலையோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதை வைத்தே அமைந்தவை.

படி 1: கேட்பதற்கு முன் மூன்று வரி எழுதுங்கள்

இது கேமில் எங்கே வரும், திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும், பார்த்தவுடன் விளையாடுபவருக்கு என்ன புரிய வேண்டும். இந்த மூன்றும் போதும். வில்வீரனுக்கு இப்படி எழுதலாம்: "மேலிருந்து பார்க்கும் கேமரா. 1080 பிக்சல் உயரத் திரையில் சுமார் 90 பிக்சல். தூரத்திலிருந்து தாக்கும் எதிரி என்று ஒரு நொடிக்குள் தெரிய வேண்டும்."

எழுதும்போதே சில குறைகள் உங்களுக்கே தெரிந்துவிடும். கன்னத்து வெட்டுக்காயம் 90 பிக்சலில் யாருக்குத் தெரியப்போகிறது? அதற்குச் செலவிட்ட நேரத்தை வில்லின் வளைவுக்குக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும்.

2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 இதற்கு நல்ல பாடம். அதை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தினர், விளையாடுபவரின் கண் எதை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டார்கள். நண்பனா எதிரியா என்பது நிறத்தில் தெரிய வேண்டும். ஒன்பது வகைப் பாத்திரங்களில் இவர் யார் என்பது சில்லவுட்டில், அதாவது உருவத்தின் வெளிவடிவத்தில், தெரிய வேண்டும். கையில் என்ன ஆயுதம் என்பது தெரிய, கால்பக்கம் இருட்டாகவும் ஆயுதம் பிடிக்கும் மார்புப் பகுதி வெளிச்சமாகவும் வைத்தார்கள். டோட்டா 2 கேமின் பாத்திரங்களுக்குப் பொருட்கள் செய்யும் கலைஞர்களுக்காக அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்த எண்ணம் உண்டு: மேல்பாகம் வெளிச்சம், கீழே போகப் போக இருட்டு. அந்தக் கேமரா மேலிருந்து பார்ப்பதால், தலையும் தோளும்தான் முதலில் கண்ணில் பட வேண்டும்.

இப்படி ஒரு வரிசை எழுதி வைத்திருந்தால், கருத்து சொல்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. இல்லாவிட்டால் அவர் தன் ரசனையைத்தான் சொல்வார்.

படி 2: மாற்றுவது எளிதாக இருக்கும்போதே கேளுங்கள்

பிளாக்அவுட் கட்டத்தில் (எளிய வடிவங்களால் ஆன முதல் மாடல்) ஒரு பாத்திரத்தின் தோளை அகலப்படுத்த ஐந்து நிமிடம். ரிக் (அசைப்பதற்கான எலும்புக்கூடு) போட்ட பிறகு அதே மாற்றம் வேண்டுமென்றால் ஸ்கல்ப்ட் (நுணுக்கமாகச் செதுக்கிய மாடல்), லோ பாலி (கேமில் ஓடும் எளிய மாடல்), யூவி (படம் போர்த்துவதற்காக மாடலைத் தட்டையாக விரித்தது), பேக் (ஸ்கல்ப்ட்டின் நுணுக்கத்தை லோ பாலிக்குப் படமாக மாற்றுவது), எலும்புகளின் வெயிட் (எந்த எலும்பு எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்கும் என்பது) என்று ஒவ்வொன்றையும் மறுபடி தொட வேண்டும். எனவே எதை எப்போது கேட்கிறோம் என்பது முக்கியம்.

சின்னச் சின்ன சில்லவுட் ஓவியங்களாக இருக்கும்போது "இவற்றில் எது வில்வீரன் மாதிரி இருக்கிறது?" என்று கேளுங்கள். பிளாக்அவுட்டில் உடல் அளவுகளையும் நிற்கும் தோரணையையும் கேளுங்கள். ஸ்கல்ப்ட் பாதியில் இருக்கும்போது பெரிய வடிவங்கள், நடுத்தர வடிவங்கள், நுண்வேலை மூன்றும் சரியான விகிதத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். லோ பாலியில் மூட்டுகள் மடங்கும் இடங்களில் விளிம்புகள் எப்படி ஓடுகின்றன என்று கேளுங்கள். டெக்ஸ்சரில் (மாடலின்மேல் போர்த்தும் படம்) பொருளின் தன்மையைக் கேளுங்கள்: தோல் தோலாகத் தெரிகிறதா, இரும்பு இரும்பாகத் தெரிகிறதா.

முடிக்காத வேலையைக் காட்டக் கூச்சம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. படத்தின் மூலையிலேயே "பிளாக்அவுட், நிறம் தற்காலிகம்" என்று எழுதிவிடுங்கள். பார்ப்பவர் நிறத்தைப் பற்றிப் பேசி நேரத்தைச் செலவழிக்க மாட்டார், உங்களுக்கும் அரைகுறையாகக் காட்டுகிறோமே என்ற உறுத்தல் இருக்காது. மாறாக, முழுதாக முடித்த பிறகு மட்டுமே காட்டுபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அப்போது வரும் நல்ல கருத்தைக்கூட ஏற்க மனம் வராது, ஏற்றால் இரண்டு வார வேலை போய்விடும்.

படி 3: காட்டும் விதம்

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இதைக் காட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறதா? வெளிவராத கேமுக்காக ரகசிய ஒப்பந்தத்தில் செய்த வேலையை, ஒரு ஓரத்தை வெட்டியெடுத்துக்கூட வெளியாட்களிடம் காட்டக் கூடாது. குழுவுக்குள்ளேயே கேளுங்கள். அதே நுட்பத்தைப் பழக வேண்டுமென்றால் உங்கள் சொந்த வடிவமைப்பு ஒன்றைச் செய்து அதைக் காட்டுங்கள்.

முப்பரிமாண மாடல் என்றால் அழகாக ஒளியமைத்த ஒரே படம் போதாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சமும் புகைமூட்டமும் எத்தனையோ தவறுகளை மறைத்துவிடும். நடுநிலை வெளிச்சத்தில் முன், பக்கம், பின் என மூன்று படங்கள், ஒயர்ஃப்ரேம் (விளிம்புக் கோடுகள் மட்டும் தெரியும் படம்), கட்டம் போட்ட செக்கர் டெக்ஸ்சரோடு ஒரு படம், கடைசியாக கேம் கேமராவிலிருந்து எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றே ஒன்றுதான் காட்ட முடியும் என்றால் நான் அதைத்தான் காட்டச் சொல்வேன்.

இருபரிமாண ஓவியத்துக்கு மூன்று நகல் வையுங்கள்: முழுப் படம், கறுப்பு வெள்ளையாக மாற்றியது, கேமில் தெரியும் அளவுக்குச் சுருக்கியது. கறுப்பு வெள்ளையில் பாத்திரம் பின்னணியோடு கலந்துவிட்டால், நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் சிக்கல் தீராது.

பிக்சல் ஆர்ட்டை அசல் அளவிலும், 2 அல்லது 3 அல்லது 4 மடங்கு பெரிதாக்கியும் காட்டுங்கள். இரண்டரை மடங்கு வேண்டாம், சில பிக்சல்கள் பருத்தும் சில மெலிந்தும் போகும். பெரிதாக்கும்போது பிக்சல்களைக் குழைக்காத நியரஸ்ட் நெய்பர் முறையைத் தேர்ந்தெடுங்கள். பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் விளிம்புகளைச் சுற்றி அழுக்கு சேர்த்துவிடும், பார்ப்பவர் அதை உங்கள் தவறு என்று நினைப்பார்.

அனிமேஷனில் வேகம்தான் எல்லாம். நொடிக்கு 60 பிரேமில் ஓடும் கேமில் ஒரு பிரேம் என்பது சுமார் 16.7 மில்லி நொடி. நீங்கள் பதிவு செய்த வீடியோ 24 பிரேமில் இருந்தால் பாதிக்கு மேல் பிரேம்கள் காணாமல் போயிருக்கும், நேரக்கணக்கு பற்றி வரும் கருத்து எதையும் நம்ப முடியாது. ஓடும் வேகத்தில் ஒன்று, மெதுவாக ஓட்டியது ஒன்று என இரண்டு வீடியோ கொடுங்கள். அசைவு விளையாடுபவருடையதா எதிரியுடையதா என்றும் சொல்லுங்கள். அடிப்பதற்கு முன் கையை ஓங்கும் அசைவு 15 பிரேம் எடுத்தால் கால் நொடி. பொத்தானை அழுத்திவிட்டுக் கால் நொடி காத்திருந்தால் விளையாடுபவருக்கு எரிச்சல் வரும். எதிரி அதே கால் நொடி கையை ஓங்கினால், அது விளையாடுபவர் விலகித் தப்பிக்கக் கிடைக்கும் நேரம். ஒரே அசைவு, ஓரிடத்தில் குறை, இன்னோரிடத்தில் தேவை.

ஐகான், வெடிப்பு, மந்திர ஒளி மாதிரி விஷயங்களைக் கறுப்புப் பின்னணியில் காட்டாதீர்கள். கேமிலேயே நெரிசலான, நிறம் கொட்டிய காட்சி எதுவோ அதன்மேல் வைத்துக் காட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதை போட்டோஷாப்பின் ப்ரூஃப் செட்டப் பகுதியில் பார்க்கலாம். அந்தப் படத்தையும் சேர்த்தால் நல்லது.

படி 4: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

"எப்படி இருக்கு?" என்பதற்கு "நல்லா இருக்கு" என்பதுதான் மரியாதையான பதில். "இவர் எந்த ஆயுதம் வைத்திருக்கிறார் என்று படத்தைப் பார்த்த உடனே தெரிந்ததா?" என்று கேட்டால் அப்படித் தப்பிக்க முடியாது. "இடுப்புக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது, காரணம் பிடிபடவில்லை" என்பதும் நல்ல கேள்வி. உங்களுக்கே சந்தேகம் இருக்கும் இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கேள்வி போதும்.

விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "வில் தெளிவாத் தெரியுது இல்ல?" என்று கேட்டால் பாதிப்பேர் தலையாட்டுவார்கள்.

படி 5: கருத்து சொல்பவர் முதலில் சும்மா பார்க்க வேண்டும்

இப்போது நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். படத்தோடு வந்த விளக்கத்தைப் படிப்பதற்கு முன் ஐந்து நொடி படத்தை மட்டும் பாருங்கள். கண் முதலில் எங்கே போனது, அப்புறம் எங்கே போனது, இது என்ன என்று நினைத்தீர்கள்? உடனே குறித்துக்கொள்ளுங்கள். அந்த முதல் பார்வை ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதை வரைந்தவருக்கு அது எப்போதோ போய்விட்டது. நீங்கள் அவருக்குத் தரக்கூடியதில் மதிப்பு மிக்கது அதுதான் என்று நான் நினைக்கிறேன். கைதேர்ந்த கலைஞராக இல்லாதவர்கூட இதைத் தரலாம்.

அப்புறம் மூன்று வரிகளைப் படியுங்கள். அவர் நினைத்ததும் உங்கள் கண் பார்த்ததும் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள்.

பேசும் வரிசை பெரியதிலிருந்து சிறியதற்கு: வேலை, சில்லவுட், உடல் அளவுகள், வெளிச்சமும் இருட்டும், நிறம், பொருளின் தன்மை, நுண்வேலை. மேலே ஒன்று சரியில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். உடல் அளவே மாறப்போகிற பாத்திரத்தில் கொக்கியின் கீறலைப் பற்றிப் பேசினால், அவர் ராத்திரி முழுக்கக் கொக்கியைத் திருத்திக்கொண்டிருப்பார்.

படி 6: கண்டதைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள்

"கேப் நிறத்தை மாத்துங்க" என்பது கட்டளை (கேப் என்றால் முதுகில் தொங்கும் துணி). எதற்காக என்று அவருக்குத் தெரியாது, அடுத்த பாத்திரத்தில் அதே தவறு திரும்ப வரும். இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சின்ன அளவில் பார்த்தபோது எனக்கு வில் தெரியவில்லை. வில்லும் கேப்பும் ஒரே அளவு இருட்டாக இருப்பதால் ஒட்டிப்போகிறது என்று நினைக்கிறேன். கேப்பை வெளிச்சமாக்கலாம், அல்லது வில்லை உடம்பைவிட்டு வெளியே நீட்டலாம்."

இதில் முதல் வாக்கியத்தை யாரும் மறுக்க முடியாது, அது நீங்கள் கண்டது. இரண்டாவது உங்கள் ஊகம். மூன்றாவது யோசனை. அவர் இரண்டு யோசனையையும் விட்டுவிட்டு, வில்லின் முனைகளில் ஒளிரும் கல் வைத்துத் தீர்க்கலாம். சிக்கல் தீர்ந்தால் சரி.

நன்றாக அமைந்ததையும் காரணத்தோடு சொல்லுங்கள். "தலைப்பாகையின் முக்கோண வடிவம் பின்னாலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிகிறது, அதைத் தொடாதீர்கள்" என்று சொன்னால், திருத்தும் வேகத்தில் அவர் அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

ரசனையை ரசனை என்றே சொல்லிவிடுங்கள். "இது என் விருப்பம் மட்டும்" என்ற நான்கு சொல் எவ்வளவோ வீண் விவாதத்தைத் தவிர்க்கும்.

படி 7: தொழில்நுட்பத் தவறுகளை நேராகச் சொல்லலாம்

இங்கே ரசனைக்கு இடமில்லை, சுற்றி வளைக்கவும் வேண்டாம். அடிக்கடி கண்ணில் படுபவை சில.

மேடாக இருக்க வேண்டியது பள்ளமாகத் தெரிந்தால் நார்மல் மேப்பின் (மேடுபள்ளத்தை நிறங்களில் குறித்து வைக்கும் படம்) பச்சைச் சேனலைப் பாருங்கள். கேமை ஓட்டும் மென்பொருளான என்ஜின்களில் அன்ரியல் எதிர்பார்ப்பது டைரக்ட்எக்ஸ் முறை. யூனிட்டி என்ஜினும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளும் எதிர்பார்ப்பது ஓப்பன்ஜிஎல் முறை. இரண்டிலும் பச்சைச் சேனல் ஒன்றுக்கொன்று தலைகீழ்.

டெக்ஸ்சர் மென்பொருளில் மங்கலாக இருந்த பரப்பு என்ஜினில் எண்ணெய் தடவிய மாதிரி பளபளத்தால், ரஃப்னெஸ் மேப்பை (பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் படம்) எஸ்ஆர்ஜிபி (நிறப் படங்களுக்கான முறை) என்று இறக்கியிருக்கலாம். அது நிறம் அல்ல, வெறும் எண். எஸ்ஆர்ஜிபியாகப் படித்தால் 0.5 என்று வரைந்தது சுமார் 0.21 ஆகிவிடும், எண் குறைந்தால் பளபளப்பு கூடும், அதனால்தான் இப்படி.

பேக் செய்த பிறகு தட்டையான பரப்பில் பெருக்கல் குறி மாதிரி நிழல் விழுந்தால், பேக் செய்த மென்பொருளும் என்ஜினும் நாற்கோணங்களை வேறு வேறு மூலைவிட்டத்தில் வெட்டியிருக்கலாம். பேக் செய்யும் முன்னரே முக்கோணங்களாக்கிவிடச் சொல்லுங்கள். கூர்விளிம்பில் கோடு தெரிந்தால், அந்த விளிம்பில் யூவியும் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுவர் ஒரு மீட்டருக்கு 512 பிக்சல், பக்கத்தில் பீப்பாய் 2048 பிக்சல் என்றால் பீப்பாய் வேறு கேமிலிருந்து வந்த மாதிரி நிற்கும். செக்கர் டெக்ஸ்சர் படம் கேட்டது இதற்காகத்தான். ஓரத்தில் கிடக்கும் பொருளுக்கு 4096 அளவு டெக்ஸ்சர் போட்டிருந்தாலும் கேட்கலாம். நான்கு சேனல், சேனலுக்கு 8 பிட் என்று வைத்தால், சுருக்காத நிலையில் அது 64 மெகாபைட். 2048 என்றால் 16 மெகாபைட்.

பிக்சல் ஆர்ட்டில் கோட்டின் படிகள் ஒழுங்கில்லாமல் நீளுவது, ஒரே காட்சியில் வேறு வேறு அளவு பிக்சல்கள் கலப்பது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தலையணை மாதிரி நிழல் போடுவது. இந்த மூன்றையும் பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

படி 8: மேலே வரைந்து காட்டுவதற்கு முன் கேளுங்கள்

பெயின்ட்ஓவர் அருமையான கருவி. அரைமணி நேரம் வாயால் விளக்குவதை நான்கு கோடுகள் காட்டிவிடும். ஆனால் கேட்காமல் ஒருவரின் படத்தின் மேல் வரைவது, அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவது மாதிரி. "மேலே வரைந்து காட்டட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தனி லேயரில், பளிச்சென்ற ஒரே நிறத்தில், கோடுகளாக வரையுங்கள். முழுதாகத் தீட்டி முடித்து உங்கள் பாணியில் கொடுத்தால், அவர் அதை அப்படியே நகலெடுப்பார் அல்லது மனம் சோர்ந்துவிடுவார். வரைந்ததை அவர் கண்ணெதிரே மறைத்தும் காட்டியும் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் அப்போதுதான் உறைக்கும்.

படி 9: உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கும்போது

எழுதிக்கொள்ளுங்கள். சொல்லி முடிக்கும்வரை விளக்கம் கொடுக்காதீர்கள். "அது ஏன்னா..." என்று ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும், விளையாடுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து இதை விளக்க முடியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் மட்டும் கேளுங்கள்: "எந்த இடத்தைப் பார்த்தபோது அப்படித் தோன்றியது?"

கருத்துகள் முரண்படும். ஒருவர் தலை பெரிது என்பார், இன்னொருவர் கழுத்து மெலிது என்பார், மூன்றாமவர் தோள் ஒடுக்கம் என்பார். மூன்று பேரும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகிறார்கள். தீர்வுகள் வேறாக இருந்தாலும், தலைக்கும் தோளுக்கும் உள்ள விகிதம் சரியில்லை என்பதில் ஒத்துப்போகிறார்கள். அதனால் கருத்துகளை உடனே நிறைவேற்றத் தொடங்காமல், உங்கள் படத்தின் நகலில் ஒவ்வொரு கருத்தும் எந்த இடத்தைப் பற்றியதோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் குவியும் இடத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள். தனியாக நிற்கும் புள்ளியை அந்த மூன்று வரிகளோடு ஒப்பிடுங்கள். அந்த வேலைக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

யார் சொன்னார் என்பதும் முக்கியம். குழுவில் ஆர்ட் டைரக்டர் சொல்வது பெரும்பாலும் முடிவு, சக கலைஞர் சொல்வது கருத்து. குழப்பமாக இருந்தால் "இது கட்டாயமா, யோசனையா?" என்று நேராகவே கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புரோகிராமரும் லெவல் டிசைனரும் சொல்வதை "அவர்களுக்கு ஆர்ட் தெரியாது" என்று ஒதுக்காதீர்கள். கதவு திறக்கும் கதவா, வெறும் அலங்காரமா என்று தெரியவில்லை என லெவல் டிசைனர் சொன்னால், அது ஆர்ட்டைப் பற்றிய கருத்துதான். இன்னும் நேர்மையான கருத்து, வாய் திறக்காமல் விளையாடிப் பார்ப்பவரிடமிருந்து வரும். பின்னால் நின்று கவனியுங்கள். அவர் அந்த அலங்காரக் கதவை நான்கு தடவை முட்டினால், நான்கு பேர் வந்து சொன்னதற்குச் சமம்.

சில நாள் கருத்து வலிக்கும். அன்று திருத்த வேண்டாம். கோப்பை மூடிவிட்டு, மறுநாள் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். நேற்று மறுத்த குறைகளில் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

படி 10: திருத்தியதோடு திரும்பி வாருங்கள்

இதைச் செய்பவர்கள் குறைவு. பழையதையும் புதியதையும் ஒரே கேமரா, ஒரே வெளிச்சம், ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "வில்லை வெளியே நீட்டினேன், கேப்பை இரண்டு படி வெளிச்சமாக்கினேன். தலைப்பாகையைச் சிறிதாக்கச் சொன்னதை மட்டும் செய்யவில்லை, பின்னாலிருந்து அடையாளம் போய்விடுகிறது" என்று எழுதுங்கள். எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் சொன்னால் சொன்னவருக்கு வருத்தம் இருக்காது, அடுத்த தடவையும் நேரம் ஒதுக்கிப் பார்ப்பார்.

ஒவ்வொரு கட்டத்தையும் தேதியும் எண்ணும் போட்டு தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். சில சமயம் நான்காவது திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாவதுதான் சரியாக இருந்தது என்று எல்லோருக்கும் தெரிய வரும். அப்போது திரும்பிப் போக அந்தக் கோப்பு வேண்டும்.